சம்பந்தியின் நாடி

மகளுக்குத் தலைப்பிரசவம் டொரொண்டோவில். தலைப்பிரசவம் என்றால் பெண்ணைப் பெற்றவள் பொறுப்பு. எங்கள் வீட்டில் அதில் மறுபேச்சே கிடையாது. எனக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை என்று தெரிந்து மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் நாடியை எண்ணி நோட்டில் எழுதுகிறேன்.

பயணக் காப்பீட்டுக்காகத் தி. நகர் ஏஜெண்டிடம் போனபோது அந்த நோட்டையும் எடுத்துப் போனேன். இவ்வளவு ஒழுங்கானவளைக் கம்பெனி மதிக்கும் என்று எண்ணம்.

"இன்னா மாமி, பரீட்சை எழுதவா வந்துகீறீங்க?" என்று சிரித்தபடி புரட்டியவர், இரண்டு மாதம் முந்தைய பக்கத்தில் நின்றார். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டியதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தேன். சமீபத்தில் மருந்தோ அதன் அளவோ மாறியதா என்று படிவத்தில் ஒரு கேள்வி. மாறியது என்று எழுதினேன். இதயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பாலிசி தருவதாகப் பதில் வந்தது.

மகள் போனில் அழுதாள். "இங்க வந்து உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் குழந்தையைப் பாப்பேனா, உன்னைப் பாப்பேனா? நீ இரும்மா. என் மாமியார் வரட்டும்."

சம்பந்தி அடையாறில் இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அதே ஏஜெண்டிடம் நானே அழைத்துப் போக வேண்டியதாயிற்று. எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'. "எனக்கு ஜலதோஷம்கூட வராதுப்பா, எழுதிக்கோ." பத்து நிமிடத்தில் முடிந்தது. கையெழுத்துப் போட என் பேனாவைத்தான் வாங்கினார்.

கிளம்புவதற்கு முதல் நாள் பிரசவ லேகியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புட்டியில் 'அம்மா செய்தது' என்று சீட்டு ஒட்டியிருந்தேன். அவர் அதைப் படிக்காமல் பெட்டியில் செருகினார்.

"நீங்க கவலையே படாதீங்கோ மாமி. குழந்தையைக் குளிப்பாட்டறதெல்லாம் நான் பாத்துக்கறேன்." பெட்டியை அழுத்தி மூடிவிட்டு மூச்சு வாங்கினார். "படபடங்கறது. நாடி எண்ணறதுல நீங்க கெட்டியாச்சே, பாருங்கோ."

கையைப் பிடித்தேன். ஒரு முழு நிமிடம் எண்ணினேன். ஒன்றாவது தப்பாதா, இரண்டு துடிப்பு ஒட்டிக்கொண்டு வராதா என்று காத்திருந்தேன். அவருக்குப் பெரிதாக எதுவும் வர வேண்டாம். பயணம் நின்றால் போதும். எண்பத்தெட்டு. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் விழுந்தது.

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நன்னா இருக்கு" என்றேன்.

மயிலாப்பூரில் என் வீட்டுக்குத் திரும்பி, ஆறு மணிக்கு என் நாடியை எண்ணினேன். மூன்று முறை எண்ணியதில் மூன்று வேறு எண்கள் வந்தன. மூன்றையும் எழுதி வைத்தேன்.