பார்லர் அக்கா பேசின கூட்டம்

குடியிருப்போர் சங்கத் தலைவியம்மாவின் தலையில் பாதிதான் சாயம் ஏறியிருந்தது, அப்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

"நாளைக்குக் கூட்டத்துல நீங்கதான் முதல்ல எழுந்து பேசணும், அக்கா."

பார்லர் அக்காவின் கையில் பிரஷ் நின்றது. வேறு நாட்டிலிருந்து புருஷனோடும் கைக்குழந்தையோடும் வந்து, பாஷை தெரியாமல் திக்கித் திணறி, இந்தக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கடை போட்டவள் அவள். இன்று நாலு மாடித் தலைகளும் அவளிடம்தான் குனிகின்றன. மாமியார் சண்டையிலிருந்து மூல வியாதி வரை எல்லாம் அவள் காதில்தான் விழுகிறது.

கடையை ஒட்டி ஒரு பெரிய ஹால் பூட்டிக் கிடந்தது. போருக்குத் தப்பி நாடு விட்டு வந்த குடும்பங்களை அங்கே தங்கவைக்க நகராட்சி கேட்டிருந்தது. சம்மதிப்பதும் மறுப்பதும் குடியிருப்போர் சங்கத்தின் கையில்.

"நாங்க வேண்டாம்னா ஈவு இரக்கம் இல்லாதவங்கன்னு பேர் வரும். நீங்க சொன்னா யாரு வாயைத் திறப்பா? நீங்க இப்ப எங்க ஆளு." தலைவியம்மா கண்ணாடியில் சிரித்தாள். "கடை ஒப்பந்தத்தை வேற புதுப்பிக்கணும், இல்ல?"

வீட்டில் புருஷன் யோசிக்கவே இல்லை. "ரெண்டு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துடு. வர்றவங்க ஏதாவது ஏடாகூடம் பண்ணினா நம்மையும் சேர்த்துத்தான் முறைப்பாங்க."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

மறுநாள் மாலை மாடிப்படியடியில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மூன்றாம் மாடி பஸ் டிரைவர், ஓய்வு பெற்றவர், மூலையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவள் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லாத ஒரே மனிதர். அவள் எழுந்தாள்.

"வர்றவங்க நல்லவங்களாத்தான் இருப்பாங்க. ஆனா இது குழந்தைங்க இருக்கிற இடம்..."

தலைகள் ஆடின. அந்த ஆட்டம் அவளை மேலே பேசத் தள்ளியது.

"நாங்க வந்தப்ப நீங்க எல்லாரும் சிரிச்ச முகமா ஏத்துக்கிட்டீங்க. ஏன்னா நாங்க..."

"யாரும்மா சொன்னது?" பஸ் டிரைவரின் குரல். "உன்னைப் பத்தியும் இதே இடத்துல கூட்டம் போட்டோம்."

சில தலைகள் தலைவியம்மா பக்கம் திரும்பின.

"பழங்கதை இப்ப எதுக்கு?" என்றாள் தலைவியம்மா.

"குழந்தைங்க இருக்கிற இடம்னு அன்னிக்குச் சொன்னது நான்தான். கடை குடுக்கக் கூடாதுன்னு கை தூக்கினேன். ஒரே ஓட்டுல தோத்தோம். அப்புறம் உன் முகத்தைப் பார்க்க முடியலை. முடி வெட்ட அடுத்த தெருவுக்குப் போறேன்."

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். அவள் வரிசையாக முகங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகக் கீழே போயின. தலைவியம்மா போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

பார்லர் அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கறேன். அவங்க வரட்டும்."

புருஷன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் உட்காரவில்லை. ஓட்டெடுப்பில் அவள் கைதான் முதலில் எழுந்தது, அடுத்தது மூலையிலிருந்து. பிறகு தயங்கித் தயங்கிச் சில கைகள். சரிபாதியாக நின்று, கடைசியில் இரண்டாம் மாடி நர்ஸின் கை உயர்ந்ததும் ஹால் திறப்பதென்று முடிவாயிற்று.

புருஷன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தலைவியம்மா கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்; கூடவே இன்னும் சிலர். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை. பக்கத்து ஹாலில் ஆணி அடிக்கும் சத்தம் பகலெல்லாம் கேட்கிறது.

கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் முன்போலவே சிரித்துத் துண்டு போர்த்துகிறாள். கழுத்தோரம் கத்தரி வைக்கும்போது மட்டும் ஒரு கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது: என்னைப் பற்றிக் கூட்டம் போட்ட அன்றைக்கு நீங்கள் எந்தப் பக்கம்? கேட்டதில்லை. கை நடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறாள்.