மாமா பட்டம் கட்டும்போது மட்டும்…

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், மணமகள் அறையில், வாயில் நாலு ஹேர்பின்னைக் கவ்விக்கொண்டு நின்றிருந்தேன். எழுதுவது எங்கே… பேசக்கூட முடியாத நிலை!

அக்கா மகள் நிவேதாவுக்குக் கல்யாணம். மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாவற்றையும் அக்காவே பார்த்துக்கொண்டாள். அலங்காரத்தை மட்டும் என் தலையில் கட்டிவிட்டாள். பேப்பரில் எழுதுகிறவளுக்கு மேக்கப்பும் தெரிந்திருக்கும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. என் கல்யாணத்துக்கு எதிர்வீட்டு அக்கா வந்து பவுடர் போட்டு, மை வைத்து, ஜடை பின்னிவிட்டுப் போனார். பாதி பவுடர் காதில் இருந்தது. அவ்வளவுதான் என் அனுபவம்.

இப்போது அப்படியா? ரிசப்ஷனுக்கு ஒரு லுக், முகூர்த்தத்துக்கு ஒரு லுக். அதற்கு முன்னால் ட்ரையல். சினிமாவுக்குக்கூட இவ்வளவு ஒத்திகை பார்ப்பார்களா என்று தெரியவில்லை.

ஆனால் எங்கள் கவலை லிப்ஸ்டிக் கலர் இல்லை. வேறு.

நிவேதா பண்ருட்டியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து படுத்தாள். எழுந்தபோது முன்நெற்றி வகிட்டில் புழுவெட்டு. முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவு. பிறகு உள்ளங்கை அளவு. டாக்டர் மருந்து கொடுத்தார். அக்கா சின்ன வெங்காயத்தை அரைத்து அரைத்துத் தேய்த்தாள். வீடு முழுக்க சாம்பார் வாசனை வந்ததே தவிர, முடி வரவில்லை. வரும், நாளாகும் என்றார் டாக்டர். அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது.

நிச்சயம் ஆன வாரமே நிவேதா தானே மாப்பிள்ளைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் கேட்டது ஒரே கேள்வி… "வலிக்குதா?" அந்த ஒரு கேள்வியிலேயே பையன் என்னிடம் பாஸ்.

அப்புறம் என்ன பயம் என்கிறீர்களா? சபை. இரண்டு ஊர் சொந்தமும் கூடியிருக்கும் சபை. போதாததற்கு மேடைக்குப் பக்கத்தில் எல்இடி திரை வேறு. மணப்பெண் தும்மினால்கூட கடைசி வரிசைக்குத் தெரியும்.

"அவருக்குத் தெரிஞ்சா பரவால்ல சித்தி. அத்தன பேரு முன்னாடி அங்க வெக்கிற முடி கழண்டு விழுந்துச்சின்னா… நான் அப்படியே எழுந்து போயிடுவேன்" என்றாள் நிவேதா. விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

மேக்கப் போட வந்த ஷாலினி கெட்டிக்காரப் பெண். சென்னையில் தொழில் கற்றுக்கொண்டு, கல்யாணமாகிக் கடலூருக்கு வந்து, மஞ்சக்குப்பத்தில் வீட்டு மாடியிலேயே பார்லர் வைத்திருக்கிறாள். நிவேதாவின் முடி நிறத்துக்கே, முன்பக்கம் மட்டும் மூடுகிற மாதிரி ஒரு பேட்ச் செய்து வாங்கிவிட்டாள். சின்னச் சின்னக் கிளிப்புகள், இருக்கிற முடியைக் கவ்விக்கொள்ளும். மேலே நெற்றிச்சுட்டி. பெற்ற தாயாலேயே கண்டுபிடிக்க முடியாது.

ட்ரையல் அன்று நான் விடவில்லை. ஃபேனை முழு வேகத்தில் வைத்தோம். தலையை ஆட்டச் சொன்னோம். கனமான பூமாலையைப் போட்டுக் கழற்றினோம். பெரியவர்கள் காலில் விழ வேண்டுமே… என் காலில் விழச் சொன்னேன். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். ஆசீர்வாதம் வாங்கியே களைத்துப்போனாள். பேட்ச் அசையவில்லை. ஹோமப் புகையில் வேர்க்குமே என்று நான் கேட்க, சமையலறையில் அடுப்புக்கு முன்னால் நிற்கவைத்தும் பார்த்துவிட்டோம்.

எல்லாவற்றையும் யோசித்தாயிற்று என்று நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணனிடமிருந்து போன். "வடலூர் வந்தேன். அப்படியே பாப்பாவுக்குப் பட்டம் எடுத்துட்டேன். தங்கத்துலயே!"

டீ டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். மெல்லிய தகடு. இரண்டு பக்கமும் நூல். பெண்ணின் நெற்றியில் வைத்து, நூலைத் தலையைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்னால் முடிச்சுப் போட வேண்டும். அது தாய்மாமன் உரிமை. அதோடு எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு வேறு உண்டு. தாலி ஏறுவதற்குள் பட்டம் நழுவினால் ஆகாதாம். அதனால் இறுக்கிக் கட்டுவார்கள். எனக்குக் கட்டியபோது இரண்டு நாள் தலைவலி.

ஃபேனையும் புகையையும் யோசித்த நாங்கள் தாய்மாமனை மறந்துவிட்டோம். மறக்கக்கூடிய ஆளா அவர்?

நிவேதாவின் தாய்மாமன், அதாவது என் அண்ணன், கம்மாபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். செம்புக் கம்பியை இழுத்து இழுத்துச் சுற்றின கை. அந்தக் கை நூலைப் பின்னால் இழுத்தால் பேட்சும் கூடவே வந்துவிடும் என்றாள் ஷாலினி, முகம் வெளுத்து. தகட்டை கம் வைத்து ஒட்டிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டாள். தாய்மாமன் சபையில் கம் டப்பாவோடு நிற்பதா? அண்ணன் மேடையை விட்டே இறங்கிவிடுவார்.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். நிவேதா ஒப்புக்கொள்ளவே இல்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அண்ணனிடம் ரகசியம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்று. அக்காவுக்குச் சர்க்கரை வந்த விஷயம், அக்கா மாத்திரை வாங்குவதற்கு முன்பே மருந்துக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது.

சரி, ஜாடையாகச் சொல்லிப் பார்ப்போம் என்று போன் போட்டேன். புள்ளைக்குத் தலைவலி வரும், கொஞ்சம் லூசாகக் கட்டுங்கள் என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கட்டு இதுவரை எதிலும் அவிழ்ந்ததில்லை என்றும், நான் கேட்டதற்காகவே ஒரு முடிச்சு சேர்த்துப் போடுவதாகவும் சொல்லி வைத்துவிட்டார்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தேன்.

முகூர்த்த நாள் வந்தது. கூரைப்புடவையில் நிவேதா மேடையில் உட்கார்ந்திருந்தாள். அழகென்றால் அழகு. ஆனால் விரல்கள் சில்லென்று இருந்தன. பூ சரி செய்கிற சாக்கில் நான் அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றேன். பேட்ச் கிளம்பினால் அமுக்கிப் பிடிப்பது என்பதுதான் என் திட்டம். திட்டமா அது… வேண்டுதல்.

அண்ணன் தட்டோடு மேடை ஏறினார். எல்இடி திரையில் நிவேதாவின் நெற்றி ஒரு கதவளவு தெரிந்தது. கேமராக்காரர் இன்னும் கிட்டே வந்தார்.

அண்ணன் பட்டத்தை எடுத்து அவள் நெற்றியில் வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. அவர் பார்வை வகிட்டில் இருந்தது.

தொலைந்தோம் என்று நினைத்தேன். இதோ, ஏதோ கேட்கப்போகிறார். பக்கத்திலேயே ஐயர் மைக் வேறு.

அண்ணன் குனிந்தார். அவர் குரல் இவ்வளவு மெதுவாக வரும் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"எடது பக்க கிளிப்பு லேசா தூக்கியிருக்கு கண்ணு. அசையாத. மாமா பாத்துக்கறேன்."

பட்டத்தைப் பிடிக்கிற மாதிரியே கட்டை விரலால் அந்த இடத்தை ஒரு அழுத்து அழுத்தினார். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். கிளிப் உட்கார்ந்துவிட்டது. நூலைக் கிளிப்புகள் மேல் படாமல், காதை ஒட்டிக் கீழாகக் கொண்டுபோய், ஜடைக்கு அடியில் முடிச்சுப் போட்டார். சொன்ன மாதிரி ஒன்று சேர்த்தே போட்டார். பட்டமும் அசையவில்லை. பேட்சும் அசையவில்லை. நிமிர்ந்து, பழைய குரலில், "கட்டியாச்சி, வாசிங்க" என்று நாதஸ்வரக்காரரிடம் சொன்னார்.

நிவேதாவின் தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. நானும் மூச்சு விட்டேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கிளிப் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

எப்படித் தெரியாமல் இருக்கும்!

அண்ணனுக்கு நாற்பது வயதிலேயே உச்சியில் வழுக்கை விழுந்துவிட்டது. பிறகு ஒரு தீபாவளிக்குத் தலை நிறைய முடியோடு வந்து நின்றார். கடலூர் சில்வர் பீச் காற்றிலும் அது கலைவதில்லை. நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்க, பலகாரம் சாப்பிடுங்க என்றோம். அன்றிலிருந்து அது எல்லாருக்கும் தெரிந்த, யாருமே பேசாத விஷயம். அது நாங்கள் அவருக்குக் கொடுத்த மரியாதை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஊரார் விஷயத்தையெல்லாம் போட்டு உடைக்கிற மனுஷர், தன் விஷயத்தை மட்டும் கண்ணாடி முன்னால் தனியாக நின்று பழகியிருக்கிறார். எங்கள் மரியாதையால் அவருக்கு ஒரு கிளிப்பாவது மாட்டிவிட முடிந்ததா? பாவமாக இருந்தது எனக்கு.

தாலி ஏறியது. பந்தியில் நான் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினேன். அந்த நிம்மதிக்கு அது தகும். பக்கத்து இலையில் அண்ணன், அதற்கடுத்து அண்ணி. பொண்ணு மாப்பிள்ளை பந்தியைப் பார்க்க வந்தார்கள். நிவேதா மாமா காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பயமே இல்லாமல் தலையை முழுக்கக் குனிந்து கும்பிட்டாள்.

அண்ணன் இடது கையால் அவள் தோளைத் தொட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னார். "கிளிப்பு வாணாம் பாப்பா. டேப்பு போடு. வேர்வைக்குத் தாங்கும். நான் அதான் போடறேன். எங்க கெடைக்கும்னு வாட்ஸப்ல அனுப்பறேன்."

அண்ணி ரசத்தில் கை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை, மாமா அந்த மெசேஜை எனக்கும் அனுப்புங்கள், நான் வாங்கி வருகிறேன் என்றார். நிவேதா சிரித்தாள். ஷாலினி போட்ட மேக்கப் எதுவும் அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் வராது.

இதையெல்லாம் எழுதலாமா என்று நிவேதாவிடம் கேட்டேன். தாராளமாக எழுதுங்கள் சித்தி, இப்போது எனக்கு ஒன்றுமில்லை என்றாள். அண்ணனிடம் கேட்கத்தான் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. போனில்தான் கேட்டேன்.

"எழுதிக்க. ஆனா விக்குன்னு மட்டும் எழுதிடாத. அது ஒரிஜினல் முடி. என்னா… வேற ஒருத்தரோடது."