மக்கள் பணியில் முறிந்த கை

இன்று வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும் பஸ். முன் சீட்டில் வெள்ளைச் சட்டை அண்ணன் ஒருவர், துண்டில் தொங்கும் கையோடு முனகிக்கொண்டிருந்தார். பிறந்தநாள் பேனருக்காக அருவிப் பாறையில் நின்று போஸ் கொடுத்தபோது பாசி வழுக்கிவிட்டதாம்.

கூட வந்தவர் ஆறுதல் சொன்னார்.
"வுடுண்ணே. கட்டுப் போட்டதும் அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கலாம். 'மக்கள் பணியில் காயமுற்ற சிங்கமே'ன்னு போட்டா இன்னும் கெத்தா இருக்கும்."

முனகல் சட்டென்று நின்றது.
"ஒத்தக் கையால எப்பிட்றா கும்பிடறது?"

"பேனர் கடையில இன்னொரு கைய ஒட்டிக் குடுப்பாங்கண்ணே."

ஆகவே மக்களே, பஸ் ஸ்டாண்ட் பேனரில் மூன்று கைகளோடு ஒருவர் உங்களைக் கும்பிட்டால் பயப்படாதீர்கள். கட்டுப் போட்ட கையின் காயம் மட்டும்தான் அசல். அந்த மக்கள் பணி என்னவென்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.