மேய்ச்சல் சரிவில் இறங்கியவர்கள்

கில்கியான் இன்னிகரின் மாடுகள் கோடையில் மேயும் சரிவில்தான், ஜனவரியில் எங்கள் மலையூர் லோனர்மாட்டின் ஆண்கள் ஸ்லாலம் நடக்கும்: பனியில் நட்ட கம்பங்களை வளைந்து வளைந்து சுற்றிச் சறுக்கி இறங்கும் பந்தயம். வீரர்களுக்கு ஆட்டிக் காட்ட ஊரே மாட்டுக் கழுத்துமணிகளைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்தில் கூடும்போது அவர் மட்டும் தொழுவத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

“வளர்ந்த ஆம்பளைங்க குச்சியைச் சுத்தி ஓடறானுங்க. அதைப் படம் பிடிக்க ஹெலிகாப்டர் வேற” என்பார்.

தபால் பேருந்து ஓட்டும் நான் வருஷா வருஷம் அவரைச் சீண்டிப் பார்ப்பேன். அசைய மாட்டார். ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு பந்தயத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

அந்த வருஷம் தடம் சீர்செய்யும் குழுவில் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். வீரர்கள் இறங்கிப் போனபின் சறுக்குப் பலகைகளைக் குறுக்காக வைத்துச் சறுக்கி, உதிர்ந்த பனியைத் தள்ளிவிடுவதுதான் அந்த வேலை. அவர் மனைவி மார்லிஸும் நானும் அதில் பழைய ஆட்கள். மார்லிஸ் தொழுவத்து வாசலிலேயே போய் நின்றுவிட்டாள்.

“ஏய்யா, உனக்குச் சறுக்கத் தெரியும்ல? கிளம்பு.”

“மாடு இருக்கே?”

“உன்னைவிட அதுக்குப் பொறுமை ஜாஸ்தி. சாயங்காலம்வரை இருக்கும்.”

சரிவின் நடுவே, மிகச் செங்குத்தான இடத்தில் எங்களை நிறுத்தினார்கள். புல் அறுக்கும் நாட்களில் ஆணி அடித்த பூட்ஸோடுகூட கில்கியான் உட்கார்ந்தபடியேதான் இறங்குகிற இடம் அது. பந்தயத்துக்காகத் தண்ணீர் பாய்ச்சி அதைக் கண்ணாடியாக உறைய வைத்திருந்தார்கள். அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். அவ்வளவுதான், நேராக வேலி வலையில் போய் விழுந்தார்.

“நிலத்துக்காரர் எல்லையை அளக்குறார் போல!” என்று மார்லிஸ் கத்தினாள். குழுவே சிரித்தது.

அப்போது முதல் வீரர் வந்தார். முதலில் சத்தம்தான்: முழங்காலிலும் முஷ்டியிலும் கம்பங்கள் படபடவென்று அடிவாங்கும் சத்தம். பிறகு மேட்டின் விளிம்பில் ஒரு உருவம். உடம்பு பனியைத் தொடுமளவு சாய்ந்திருந்தது, தலை மட்டும் ஆடாமல் அடிவாரத்தையே பார்த்தது. ஒரு மூச்சு இழுப்பதற்குள் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. பனித்தூள் கில்கியானின் முகமெங்கும் அப்பியிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

“அண்ணே, இறங்குங்க, தடத்தைத் தள்ளணும்!” என்றேன்.

“டேய், அவன் விழலையே” என்றார். “எப்படிடா விழாம போனான்?”

அன்று முழுவதும் அவர் வேறு பேச்சே பேசவில்லை. முதல் சுற்றின் கடைசி ஆளாக இறங்கியவன் ருமேனியாவைச் சேர்ந்த ஹோரியா பர்சன். அதற்குள் தடம் பள்ளம் பள்ளமாகிவிட்டிருந்தது. எங்களுக்கு எதிரே கால் இடறி, மல்லாந்து, வலைவரை போனான். எழுந்தான். தவறவிட்ட கம்பத்தை நோக்கி, பலகைகளைப் பக்கவாட்டில் ஊன்றி மேலே ஏற ஆரம்பித்தான். இவ்வளவு தாமதமானபின் அவனுக்கு இரண்டாம் சுற்று கிடையாது என்பது கில்கியானுக்கே புரிந்தது.

“விடு தம்பி! எதுக்கு இந்தப் பாடு?”

மூச்சு வாங்கியபடி அவன் உடைந்த ஜெர்மனில் சொன்னான்: “ரெண்டு நாளா கார் ஓட்டி வந்திருக்கேன். ஒரு நிமிஷமாவது இறங்க வேண்டாமா?”

ஏறினான். கம்பத்தைச் சுற்றினான். மிச்சத்தை இறங்கி முடித்தான். கில்கியான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் போன திசையையே பார்த்து நின்றார்.

அதன்பின் சமையலறைத் தொலைக்காட்சியில் ஒரு ஸ்லாலம்கூட அவர் விடவில்லை. கிட்ஸ்பூஹெல், ஷ்லாட்மிங் ஊர்ப் பந்தயங்கள் எல்லாம் பார்த்தார். எங்கும் ஹோரியாவின் பெயர் பட்டியலின் அடியில்தான் கிடந்தது, அல்லது இருக்கவேயில்லை. “மடி கனத்து மாடு கத்துது, இந்த மனுஷன் கம்பத்தோட ஆடறான்” என்று மார்லிஸ் என்னிடம் புகார் சொன்னாள். ஆனால் மார்ச்சில், ஸ்லோவேனியாவின் க்ரான்ஸ்கா கோராவில் நடந்த ஸ்லாலத்துக்கு நான் காரை எடுத்தபோது, அவரை முன்சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தியதும் அவள்தான். மாடுகளைப் பிரிந்து அவர் வெளியூரில் தங்கியது அதுவே முதல் முறை.

அங்கே வசந்த வெயில். ஈரப்பனி இறுகிக் கெட்டியாவதற்காக அதன்மேல் உப்புத் தூவியிருந்தார்கள். முதல் சுற்றில் முந்தும் முப்பது பேருக்குத்தான் இரண்டாம் சுற்று; ஹோரியா முப்பதாவது ஆளாக, மயிரிழையில் தேறினான். இரண்டாம் சுற்றில் முப்பதாவது ஆள்தான் முதலில் இறங்க வேண்டும். யாரும் மிதிக்காத தடம் அவனுக்குக் கிடைத்தது. அடிவாரத்தில் நின்ற கில்கியான் என் கையை நசுக்கினார்.

அவன் இறங்கினான். இந்த முறை விழவில்லை. அடுத்து வந்தவன் மெதுவாக வந்தான். அதற்கடுத்தவன் தடத்தை விட்டே வெளியேறினான். வெயிலில் தடம் உடைய உடைய, பெரிய பெயர்களெல்லாம் ஒவ்வொன்றாக அவனுக்குப் பின்னால் போயின. அப்போதைக்கு முந்தி இருப்பவர் நிற்கும் இடத்தில் அவன் நம்ப முடியாமல் நின்றுகொண்டே இருந்தான். எங்கள் பக்கத்தில் கொம்பு ஊதிக்கொண்டிருந்த ஸ்லோவேனியக் கிழவரைக் கில்கியான் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார்.

கடைசியில் பத்துப் பேர் முந்திவிட, ஹோரியாவுக்குப் பதினோராவது இடம். வேலியோரம் வந்தவனிடம் கில்கியான், “லோனர்மாட்! ‘விடு தம்பி’ன்னு கத்தின ஆள் நான்தான்!” என்றார். அவனுக்கு நினைவில்லை. சிரித்துவிட்டு, “கொஞ்சம் பிடிங்க” என்று பலகைகளை அவர் கையில் கொடுத்து, பூட்ஸைத் தளர்த்தக் குனிந்தான்.

பலகையின் இரும்பு விளிம்பில் கில்கியான் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். சட்டென்று ரத்தம் கசிந்தது. அவர் விரலைப் பார்க்கவில்லை. விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்மாத்தூண்டுடா” என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. “இது மேலதான்டா நிக்கிறானுங்க.”