வீட்டில் சொல்லாத பீரங்கி

நேற்று டிவியில் ராணுவ ஹெலிகாப்டர் ஒன்றைக் காட்டினார்கள். அதன் மூக்குக்குக் கீழே மூன்று குழல்கள் சேர்ந்து சுழலும் பீரங்கி. ஈசி சேரில் கிடந்த என் வீட்டுக்காரர் எழுந்துபோய்த் திரையில் விரலை வைத்தார். "நாங்க செஞ்சது இத விட எடை கொறவு" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. கல்யாணமான நாளிலிருந்து தன் வேலையைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அது.

உடனே எனக்குத் தையல் மெஷின் எண்ணெய் மணத்தது. அந்த நாளில் அவர் சட்டையில் அடித்த வாசனை அதுதான். திடீரென்று வாரக்கணக்கில் காணாமல் போவார். திரும்பும்போது முகம் கருத்திருக்கும். பாக்கெட்டில் மணலும் பஞ்சு உருண்டையும் கிடக்கும். ஆபீஸ் வேலை என்று சொல்லிக் கட்டிக்கொடுத்த ஆளுக்கு ஏது மணல், நீங்களே சொல்லுங்கள். நான் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள். தட்டிப் பார்க்காமல் ஒரு சொம்புகூட வாங்கமாட்டேன். புருஷனை மட்டும் விடுவேனா?

"எங்க போயிருந்தீய?"

"சொல்லப்படாது."

"சொல்லப்படாத எடத்துல என்ன சோலி?"

சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆத்திரமாக வரும்.

என் தம்பி வேறு எரிகிறதில் எண்ணெய் ஊற்றினான். தம்பானூர் டெலிபோன் பூத்தில் இவர் பேசியதைக் கேட்டானாம். "இன்னும் ஒரு கிலோ கொறச்சா தூக்கிரும்னு சொல்லுதாரு அக்கா. இது தங்கக் கடத்தல் கேஸு தன்னே." விமான நிலையம் உள்ள ஊரில் புத்தி அப்படித்தான் போகும். தங்கமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, இன்னொருத்தியாக இருக்கக் கூடாதே என்று நான் பயந்தேன். பெட்டியைக் கட்டி அப்பா வீட்டுக்குப் போய்விடலாமா என்று பல நாள் யோசித்தேன்.

போகப் போக, கேட்டால் பதிலே வராது. காது கேளாதவர் மாதிரி நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்றுத்தான் எல்லாவற்றையும் கொட்டினார். சின்ன ஹெலிகாப்டர் தாங்க வேண்டுமே என்று பீரங்கியின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது, மணல்வெளியில் சுட்டுப் பார்த்தது, பஞ்சையும் மீறிக் காதைக் கெடுத்த சத்தம், கடைசியில் ஒன்றும் வேண்டாம் என்று மேலிடம் அந்த ரகசியப் பட்டறையையே மூடச் சொன்னது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஃபிளாட் நிற்கிறது. பீரங்கி எங்கே போனதென்று அவருக்கே தெரியாது.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. மறுபடி ஈசி சேரில் சாய்ந்தவரின் காதருகே குனிந்து கேட்டேன். "அங்க இருக்கும்போ என்னைய நெனச்சீயளா?"

டிவியைப் பார்த்தபடியே சிரித்துத் தலையாட்டினார்.

எனக்குச் சந்தேகம். மாற்றிக் கேட்டேன். "அப்போ நெனைக்கவே இல்ல, அல்லே?"

அதற்கும் அப்படியே சிரித்துத் தலையாட்டினார்.