குலியாஷ் படித்துவிட்டாள்

எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு கரும்பலகைகள் உண்டு. ஒன்றில் பஸ் நேரம் எழுதியிருக்கும். அதை யாரும் நம்புவதில்லை. இன்னொன்றில், டிக்கெட் கொடுக்கிற குலியாஷ் இப்போது என்ன புத்தகம் படிக்கிறாள், அது எப்படி இருக்கிறது என்று எழுதியிருக்கும். அதை எல்லாரும் நம்புவார்கள்.

'இதில் ஒருவர் சாவதற்கு முக்கால் புத்தகம் எடுத்துக்கொள்கிறார். பொறுமை இருந்தால் படிக்கவும்.' 'காதல் கதை. பெண் கெட்டிக்காரி, பையன் மண்டு. அப்படியும் அழுதேன்.' 'பரிசு வாங்கிய நாவல். கொடுத்தவர்களே படித்துக்கொள்ளட்டும்.' இந்த ரகம்தான். நிலைய மேலாளர் இதெல்லாம் அரசாங்கச் சுவரில் கூடாது என்று அழித்துப் பார்த்தார். மறுநாள் இன்னும் பெரிய எழுத்தில் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து அவரே ஜன்னலில் வந்து குனிந்தார்.

"அந்தத் துப்பறியும் கதையில கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடு குலியாஷ். பாதியிலயே என் பொண்டாட்டி புத்தகத்தைப் பிடுங்கிக்கிட்டா."

"அவங்க முடிச்சதும் வாங்கிப் படிங்க" என்று ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

அவள் அப்படித்தான். படிக்காத புத்தகத்தைப் பற்றிப் பேச மாட்டாள், பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்ல மாட்டாள். பள்ளிக்கூடத்து இசை வாத்தியார் தன் கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்து நீட்டினார். 'நிலா நிறைய வருகிறது. ஆள் ஒருவரும் வரவில்லை' என்று பலகையில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து வாத்தியார் தாராஸ் நகரத்துக்குப் போக வேண்டுமென்றால் வாடகைக் கார்தான். புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு பஸ்களுக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் படித்துக்கொண்டே ஒற்றை மகள் அக்கெர்கேயை வளர்த்து ஆளாக்கினவள். அவளிடம் போய்ப் பொய் சொல் என்றால் எப்படிச் சொல்வாள்?

ஆனால் சொல்லச் சொன்னார்கள். அதுவும் பெற்ற மகளே சொன்னாள்.

அக்கெர்கேயின் மாமனார் மிர்சாபெக், குதிரைப் பண்ணையை இத்தனை காலம் ஆட்டிப்படைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர் சும்மா இருக்கக் கூடாதா? தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிவிட்டார். தலையணை மாதிரி புத்தகம். எங்கள் பக்கத்தில் நடக்கத் தொடங்குகிற குழந்தையின் இரண்டு கால்களையும் கயிற்றால் கட்டி, நல்ல ஆளாகப் பார்த்து அதை வெட்டச் சொல்வோம். வெட்டுகிறவரின் குணம் குழந்தைக்கு வரும். புத்தகம் வெளியிட்டாலும் அதே சடங்குதான். விருந்து, புத்தகத்தைச் சுற்றிக் கயிறு, கத்தரிக்கோல், ஆளாளுக்குப் பாராட்டு. பாராட்டுகிறவர் எவரும் அதைப் படித்திருக்க மாட்டார், ஏனென்றால் விருந்து முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் கையில் புத்தகத்தைத் திணிப்பார்கள்.

மிர்சாபெக் இங்கேதான் கோட்டை விட்டார். 'ஊருக்கே புத்தகம் சொல்கிறவள் என் சம்பந்தி, அவள்தான் கயிறு வெட்டணும்' என்ற பெருமையில், விருந்துக்கு முன்னாலேயே ஒரு பிரதியை அனுப்பிவிட்டார். குலியாஷ் படித்துவிட்டாள்.

விருந்துக்கு முந்தின நாள் அக்கெர்கே போனில் கூப்பிட்டாள். "அம்மா, புத்தகம் எப்படி?"

"குதிரை நல்லா இருக்கு. மத்ததை நாளைக்குச் சொல்றேன்."

"ஐயோ அம்மா! ஒண்ணும் சொல்லாதே. அருமைன்னு ஒரு வார்த்தை சொல்லு, கயித்தை வெட்டு, சாப்பிடு, கிளம்பு. நீ பஸ் ஏறிப் போயிடுவே, நான்தானே அந்த வீட்டுல இருக்கணும்? பெரியவர் கோபம் உனக்குத் தெரியாது."

மருமகளாகப் போனவள் புருஷன் வீட்டுப் பெரியவர்களைப் பெயர் சொல்லக் கூடாது. அதனால் மாமனார் அவளுக்குப் 'பெரியவர்', மாமியார் 'அத்தை'. அவர்களுடைய சொந்தப் பெயர்கள் அவள் வாயில் வந்ததே இல்லை.

"நீதானேடி டைப் அடிச்சே? உனக்கு அதுல ஒண்ணும் உறுத்தலையா?" என்றாள் குலியாஷ்.

"உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்மா" என்று அக்கெர்கே போனை வைத்துவிட்டாள். குலியாஷுக்கு அன்று முழுதும் சோறு இறங்கவில்லை. மகள் அழுதால் தாங்க மாட்டாள் அவள். பொய்யும் வராது. என்னதான் செய்வாள், பாவம்!

விருந்து மண்டபத்தில் நெருக்கியடித்துக் கூட்டம். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் எழுந்து 'மக்களின் பொக்கிஷம்' என்றார். அடுத்தவர் 'தலைமுறைகளுக்கு விளக்கு' என்றார். மிர்சாபெக்கின் தோளில் தங்க இழை போட்ட அங்கியைப் போர்த்தினார்கள். அவருடைய மனைவி கலம்பிர் அடுக்களைக்கும் மண்டபத்துக்கும் நடையாய் நடந்து கறித் தட்டு சுமந்துகொண்டிருந்தாள். அக்கெர்கே தலை நிமிராமல் பியாலாக் கிண்ணங்களில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குலியாஷின் கையில் கத்தரிக்கோலையும் மைக்கையும் கொடுத்தார்கள்.

"சம்பந்தி, நான் உங்க புத்தகத்தைப் படிச்சிட்டேன்" என்றாள். கைதட்டல். "குரென் குதிரை சாகிற இடத்துல அழுதுட்டேன். அழுத அழுகையில மெர்கேக்குப் போறவனுக்குத் தாராஸ் டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பிட்டேன்."

மண்டபமே சிரித்தது. மிர்சாபெக்குக்குத் தலைகால் புரியவில்லை. அக்கெர்கே மட்டும் கெட்டிலைப் பிடித்தபடி அம்மாவையே பார்த்தாள். போதும் அம்மா, வெட்டு என்றது அந்தப் பார்வை. குலியாஷ் கயிற்றுக்கிடையில் கத்தரிக்கோலை நுழைக்கக்கூடச் செய்தாள். பிறகு வெளியே எடுத்துவிட்டாள்.

"அந்தக் குதிரைக்குப் பேர் இருக்கு. அதைப் பெத்த குதிரைக்குப் பேர் இருக்கு. நாய்க்குக்கூடப் பேர் இருக்கு. உங்க கூடவே வாழ்ந்த பொம்பளைக்கு மட்டும் புத்தகம் முழுக்கப் பேர் இல்லை. 'வீட்டில் இருந்தவர் தேநீர் கொடுத்தார்'. அவ்வளவுதான் அவங்க. பனி கொட்டின வருஷம் 'ஆண்டவன் அருளால் குட்டிகள் பிழைத்தன'ன்னு எழுதியிருக்கீங்க. ஊருக்கே தெரியும், சமையல்கட்டுல குட்டிங்களைக் கட்டிப் பிடிச்சுப் படுத்து, வாயில பாலை ஊத்தினது ஆண்டவனா?"

"வீட்டுப் பொம்பளையைப் பேர் சொல்லி ஊருக்குக் காட்டறது நம்ம வழக்கமா?" என்றார் மிர்சாபெக், பல்லைக் கடித்துக்கொண்டு.

"படிக்கிறவங்ககிட்ட மறைக்கிறதுக்கா புத்தகம் எழுதினீங்க?"

"அட, கயித்தை வெட்டுங்கம்மா, கறி ஆறுது" என்று எவரோ ஒருவர் பின்னாலிருந்து கத்தினார்.

"ஆறட்டும். ஒத்தைக் கால்ல நிக்கிற பிள்ளைக்கு நான் கயிறு வெட்ட மாட்டேன்" என்று கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள் குலியாஷ்.

மிர்சாபெக் அவளைப் பார்க்கவே இல்லை. நேராக மருமகள் பக்கம் திரும்பினார். "உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு. நீயும் அங்கேயே இரு. நான் சொல்லி அனுப்பும்போது வந்தா போதும்."

குலியாஷ் எதற்குப் பயந்தாளோ அதுதான் நடந்தது. என் வாயால் என் பெண்ணின் குடி போச்சே என்று நினைத்தாள். மன்னிப்புக் கேட்கலாமா? கேட்டிருப்பாள், பெற்ற வயிறல்லவா. ஆனால் சொன்னதில் எது பொய் என்று மன்னிப்புக் கேட்பது?

அக்கெர்கே கெட்டிலைக் கீழே வைத்தாள். பெரியவர்கள் சபையில் மருமகள் வாய் திறந்து அந்த மண்டபம் பார்த்ததில்லை.

"போறேன் பெரியவரே. ஆனா அம்மா சொன்னது நிசம். குட்டிங்க பிழைச்ச இடத்துல நான் பேர் போட்டுத்தான் டைப் அடிச்சேன். நீங்கதான் சிவப்புப் பேனாவால அடிச்சு, அந்தப் பேரை எடுக்கச் சொன்னீங்க."

கறித் தட்டோடு வந்துகொண்டிருந்த கலம்பிர் வாசலிலேயே நின்றாள். அவள் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கக்கூட நேரம் கிடைக்காதவள். "யார் பேரைடி போட்டே?" என்றாள்.

அக்கெர்கே மாமியாரைப் பார்த்தாள். உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"கலம்பிர்னு போட்டேன் அத்தே."

மருமகள் வாயிலிருந்து மாமியாரின் பெயர்! கிழவர்கள் 'ச்சச்சச்ச' என்றார்கள். கலம்பிர் கறித் தட்டைக் கையெட்டிய மேசையில் வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து அதன்மேல் போட்டாள். வந்து குலியாஷுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுடி. பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கலை."