ஜெபத்தின் நடுவே ஒரு பூரான்

என் தம்பிக்குப் பெண் பார்க்க ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனபோது, பழத்தட்டோடு ஒரு ரோஜாத் தொட்டியும் கொண்டுபோனோம். பெண்ணின் அம்மாவுக்குச் செடி என்றால் உயிராம். அன்று காலையில்தான் தோட்டத்து மண்ணையும் மட்கிய சருகையும் அள்ளித் தொட்டியை நிரப்பியிருந்தேன்.

ஜெபத்தோடு ஆரம்பிப்போம் என்றார் பெண்ணின் அப்பா. எல்லோரும் கண்ணை மூடினோம். அவருடைய ஜெபம் ஆதாம் ஏவாளிலிருந்து புறப்பட்டு, ஆபிரகாமுக்கு வருவதற்குள் நான் கண்ணைத் திறந்துவிட்டேன். தொட்டியின் விளிம்பில் செம்பழுப்பாக ஒரு பூரான் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. விறுவிறுவென்று இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் தாய்மாமாவின் பேண்டுக்குள் ஏறியது.

மாமா பட்டாளத்துக்காரர். சர்ச்சில் ஆமென்கூட வாய்க்குள்தான் சொல்வார். நான் பதறி நிமிர்ந்தால், எதிரே அந்தப் பெண்ணும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபத்தின் நடுவே எப்படிக் கத்துவது?

மாமா விறைப்பாக எழுந்து நின்றார். "ஸ்தோத்திரம்" என்றார். ஒரு காலை உதறினார். அடுத்த ஸ்தோத்திரம் தெருவுக்கே கேட்டது. பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று நம்பிய பெண்ணின் அப்பா, முடிக்க இருந்த ஜெபத்தை மறுபடி நீட்டினார். மாமாவின் கண்ணில் நீர் வழிந்தது. அதைப் பார்த்துப் பெண்ணின் அம்மாவும் அழுதார்.

ஒருவழியாக ஆமென் வந்ததும் மாமா பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போனார். அவர் திரும்பி வரும்போது, அந்தப் பெண் துணியில் சுற்றிய ஐஸ்கட்டியோடு நடையில் நின்றாள். என்ன ஆயிற்றென்று நானும் பின்னாலேயே போனேன்.

"எங்க கடிச்சுச்சு மாமா?"

"தொடையில ரெண்டு எடம். ஒங்கப்பாகிட்ட சொல்லிராத தாயி."

"பூரான் என்னாச்சு?"

"சன்னல் வழியா விட்டுட்டேன். அதுவும் பயந்துபோயிதான கடிச்சிருக்கும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். இவள்தான் நம் வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்கு அப்போதே பட்டது. அவள் அப்பாவோ என்னைத் தனியே அழைத்தார். நாங்கள் அவ்வளவாக ஜெபிக்காத குடும்பம் என்று கேள்விப்பட்டுத் தயங்கினாராம். மாமாவைப் பார்த்ததும் அந்தத் தயக்கம் போய்விட்டதாம். "கல்யாணத்துல அவியதான் ஜெபிக்கணும்" என்றார்.

கல்யாணத்தன்று பெண் வீட்டு உறவுகள் மாமாவைப் பார்க்கவே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் அசையாமல் நின்று, மூன்று வரியில் முடித்துவிட்டு இறங்கினார். கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டுவிட்டார் என்று சம்பந்தி எல்லோரிடமும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.